கண்ணாடிக் குவளையில் ஒரு நாள்

சரியாக நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம்; ஐம்பத்தெட்டாம் வருசமாக இருக்கலாம். இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தின் சன்னல் வழியே பனிமூட்டம் மெல்ல உள்ளே வருகிறது. உடம்பெல்லாம் வீங்கிய அழகுமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி பூரணி, கொழுந்துக்கூடையைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள். அவள் கொண்டுவந்த போத்தலை டாக்டர் ஐயா கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் சாய்க்கிறார். ஒரு பகலும் இரவும் பிடித்த சிறுநீர். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அந்த அளவை வைத்துத்தான் அவர் மதிப்பிடுவார். குறைந்தால் கண்டி ஆஸ்பத்திரி. குவளைக்குள் காலை வெளிச்சம் தேன்நிறமாய் மிதக்கிறது. "அளவு நல்லாத்தான் இருக்கு அழகுமுத்து. வீக்கம் சத்துக் கொறைவுதான், கண்டி வேணாம்," என்கிறார் ஐயா. அழகுமுத்து சிரிக்கிறான், வீங்கிய கண்கள் காணாமல் போகின்றன. இந்தச் சொல்லுக்காகத்தான் பூரணி வந்தாள். லயத்து வரிசை வீடுகளிலிருந்து கண்டிக்குப் போனவர் யாரும் திரும்பியதில்லை என்ற பயம் அவளுக்கு. ஆனால் அவன் காலில் ஐயா விரல் வைத்து அழுத்திய குழி இன்னும் மேலே வரவில்லை. அவள் அதையே பார்க்கிறாள். எங்கோ தண்ணீர் சொட்டுகிறது.

"ஐயா... அவருக்குக் கால் போத்தல்தாங்க வந்துச்சு. மிச்சம் என்னுதுங்க."

"அடிப்பாவி, இதுலயுமா பங்குக்கு வந்த?" என்கிறான் அழகுமுத்து. ஐயா சிரிக்காமல் கண்டிக்குத் துண்டுச்சீட்டு எழுதுகிறார்.

அழகுமுத்து கண்டியில் மூன்று மாதம் கிடந்து திரும்பினான். ஐந்து வருசம் இருந்து செத்தான். டாக்டர் ஐயா மாற்றலாகிப் போனார். பிறகு தோட்டத்துச் சனங்களை ஒப்பந்தம் போட்டுத் திருப்பியனுப்பியபோது பூரணியும் இந்தியாவுக்குக் கப்பலேறினாள்.