எந்த டீம் கோச்?

அயோவா வெயிலில், பேஸ்பால் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் பந்து வீசி, எதிரணியில் ஒருத்தனையும் பேஸில் கால் வைக்க விடாமல் டேரில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"போதும். அடுத்த இன்னிங்ஸுக்கு வேற ஆள் போறான்" என்றார் கோச்.

டேரிலுக்குச் சுரீரென்றது. பதினாலு வருஷமாக ஒன்பது ஊரில் வீசியாயிற்று, எல்லாம் சின்ன லீக்; பெரிய லீக் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

"ஏன் கோச், நல்லாத்தானே போட்டுட்டிருக்கேன்?"

அவன் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஒமார் எழுந்து வந்து அவனை இறுகக் கட்டிக்கொண்டான். ஒமாருக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசை கட்டினார்கள்.

டேரிலுக்குப் புரிந்துவிட்டது. நன்றாக வீசுகிறவனைப் பாதி ஆட்டத்தில் நிறுத்தி, டீமே கட்டிப்பிடித்தால் பேஸ்பாலில் ஒரே அர்த்தம்தான். பெரிய லீக் கூப்பிட்டாயிற்று. இனி கைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது.

"டேய் ஒமார், அழுவுறியா? டிக்கெட் அனுப்புறேன்டா! இனிமே சீட்டாட்டத்துல யாரை ஏமாத்துவே?"

ஒமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எந்த டீம் கோச்? சிகாகோவா, டெட்ராய்ட்டா? இருங்க, சொல்லாதீங்க. எங்கப்பா காதுலதான் முதல்ல விழணும். 'ஒருநாள் கூப்பிடுவானுங்கடா'ன்னு இன்னும் சொல்லிட்டிருக்கற ஒரே ஆள் அவர்தான். போனைக் குடுங்க."

கோச் தொப்பியைக் கழற்றினார்.

"உங்கப்பா ரேடியோல உன் ஆட்டத்தைக் கேட்டுட்டிருக்கும்போதே போயிட்டாராம், டேரில். கூப்பிட்டது எந்த டீமும் இல்லப்பா. உன் தங்கச்சி."