இல்லாத ஓட்டை

“இப்படி ஓர் ஓட்டை கெர்னலில் இல்லவே இல்லை. இது வெறும் கற்பனை. இனிமேல் எழுதும் முன் நிரலை ஒழுங்காகப் படிக்கவும்.”

மடல் வந்த சூட்டோடு அலுவலகம் முழுக்க அதைப் படித்துவிட்டது. “நிரலை ஒழுங்காப் படிச்சு முடிச்சுட்டு வாம்மா, அப்புறம் காபி குடிக்கலாம்” என்று ஒருத்தர் கிண்டலும் பண்ணியாயிற்று.

எழுதியவருக்கு ‘முசுடு’ என்றே பட்டப்பெயர். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் நாட்டாமை செய்கிறதே கெர்னல், அதில் ஒரு பகுதிக்கு அவர்தான் பொறுப்பாளர். அவர் தலையாட்டாமல் எந்தத் திருத்தமும் உள்ளே போகாது. யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத மனிதர். ஆனாலும் ஒருத்தரை இப்படி ஊரறியக் குப்பையில் போட்டதில்லை.

குப்பையில் போடப்பட்டவள் சோதனைப் பிரிவில் இருந்தாள். வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தாள். சாதாரணமாக உள்ளே வருகிற ஆள் அதன் வழியாகப் புகுந்து மெஷினுக்கே முதலாளி ஆகிவிடலாம். எங்கே ஓட்டை, எப்படி அடைப்பது என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்து, கெர்னல்காரர்களின் பொது மடல் குழுவுக்கு அன்று காலையில்தான் அனுப்பினாள்.

மேனேஜர் வந்தார். அவர் சிரிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நம்ம கம்பெனி கெர்னல் டீமுக்கு இன்னிக்கு சாயங்காலம் ஒரு பேர் அனுப்பணும்மா. உன் பேரைத்தான் நினைச்சு வெச்சிருந்தேன். இப்போ இதைக் காட்டி மேல கேட்டா நான் என்ன சொல்றது?”

“ஓட்டை இருக்கு சார். என்னால நிரூபிக்க முடியும்.”

“அப்போ நிரூபி. இல்லேன்னா வேற பேர்தான் போகும்.”

அந்த இடத்துக்காக அவள் எவ்வளவு காலம் தவம் கிடந்தாள் என்பது பக்கத்து சீட் அக்காவுக்குத் தெரியும்.

“விட்டுடாதடி,” என்றாள் அக்கா. “பெரிய ஆளுன்னா என்ன வேணா எழுதிடலாமா? நீ அந்த ஓட்டை வழியா உள்ள பூந்தே காட்டு. மூஞ்சியில கரி பூசின மாதிரி இருக்கட்டும்.”

அவள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஓட்டை வழியாகப் போய் மெஷினைக் கைப்பற்றும் ஒரு குட்டி நிரல். முதல் தடவையே வேலை செய்தது. கோபத்தில் செய்கிற காரியமும் சில சமயம் நன்றாகத்தான் வருகிறது. ‘என் கற்பனையைத் தயவுசெய்து இயக்கிப் பார்க்கவும்’ என்று ஒரு வரி சேர்த்து, குழுவுக்கு அனுப்பப் போனபோது போன் அடித்தது.

“நான்தாம்மா, காலையில உங்களைத் திட்டி எழுதினவன். உங்க மடல்ல இந்த நம்பர் இருந்தது.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“சொல்லுங்க.”

“நிரூபிக்கிறேன்னு எதுவும் எழுதிக்கிட்டு இருக்கீங்களா?”

“எழுதி முடிச்சாச்சு. அனுப்பப் போறேன்.”

“வேண்டாம்மா. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க.”

காலையில் அந்த அதட்டல், இப்போது இந்தக் குழைவு. மானம் போகப்போகிறது என்றதும் ஆளே மாறிவிட்டாரே என்று நினைத்தாள்.

“ஏன் சார், பயமா இருக்கா?”

“பயமாத்தான் இருக்கு. அந்தக் குழுவை யாரெல்லாம் படிக்கிறாங்க தெரியுமா?”

“கெர்னல்ல வேலை செய்யறவங்க எல்லாரும்.”

“திருடனும்தான். அது திறந்த குழும்மா, யார் வேணா சேரலாம். ஓட்டைன்னா அனுப்பறதுக்குன்னே தனி முகவரி இருக்கு. அங்க நாலஞ்சு பேர்தான் படிப்போம். அடைச்சு, எல்லா மெஷினுக்கும் அனுப்பின பிறகுதான் வாயைத் திறப்போம்.”

அப்படி ஒரு முகவரி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

“வீட்டுப் பூட்டு உடைஞ்சிருக்குன்னு நீங்க நடுத்தெருவில நின்னு கத்திட்டீங்க. நானும் ‘ஐயோ ஆமா’ன்னு ஓடி வந்தா என்ன ஆகும்? அதான் அந்தப் பொண்ணு உளறுதுன்னு சொல்லிட்டேன். முசுடு சொன்னா நம்புவாங்க.”

பட்டப்பெயர் அவர் காதுவரைக்கும் போயிருந்தது.

“அப்போ நான் எழுதினது?”

“நூத்துக்கு நூறு சரி. நீங்க குடுத்த திருத்தத்தையே ‘சின்ன ஒழுங்குபடுத்தல்’னு பேர் போட்டு உள்ள அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரி, பேங்க்குனு எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ரெண்டு மூணு வாரமாவது ஆகும். அப்புறம் உங்க பேரோட நானே அறிவிக்கிறேன். அன்னிக்கு எல்லாரும் என்னை வெச்சு சிரிக்கட்டும், பரவாயில்ல.”

“அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதா?”

“உங்க ஆபீஸ்ல கூட வேண்டாம்மா. ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஒன்பது பேருக்குத் தெரிஞ்சுடும். ஏன், அதனால உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?”

அவள் மேனேஜரின் அறைப் பக்கம் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல சார்.”

போனை வைத்தாள். எழுதி வைத்திருந்த மடலை அழித்தாள்.

சாயங்காலம் மேனேஜர் வந்து நின்றார். அக்கா ஆவலோடு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“என்னம்மா, ஓட்டை இருக்கா இல்லையா? உன் பேரை அனுப்பட்டுமா?”

“அவர் சொன்னதுதான் சார் சரி,” என்றாள். “நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”