ரப்பர் றெக்கை

“என்னங்க, யாரோ தட்டுறாங்க.”

ஓடிக்கொண்டிருக்கிற ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு ஆரிபா இப்படிச் சொன்னதும் நசீமுக்குச் சிரிப்பு வந்தது.

“ஓடுற வண்டியை யாரு புள்ள தட்டுவா?”

“பின்னாடிதான். நல்லாக் கேளுங்க.”

கேட்டான். டக்... டக் டக். பூட்டின கதவை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி.

பிரேக் போட்டான். சத்தம் நின்றுவிட்டது. இறங்கிச் சுற்றிப் பார்த்தான். கப்பிக்கல் பாதை. ரெண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. ஆள் அரவம் இல்லை. காற்றுகூட இல்லை.

வண்டியை எடுத்தான். டக். வேகத்தைக் கூட்டினான். டக் டக் டக் டக். உள்ளே விடச்சொல்லி யாரோ கூடவே ஓடிவருவது போல.

ஆரிபா கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்துவிட்டாள்.

“ஜின்னு புடிச்ச வண்டிங்க இது. இனிமே நான் ஏற மாட்டேன்.”

பதினோரு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவன் நசீம். கடற்கரையோரம் இருந்த இறால் குட்டைக்குப் போய்வர, போன வாரம்தான் அந்தப் பழைய ஜீப்பை வாங்கியிருந்தான். விற்றவர் நெரவியில் விவசாயம் பார்க்கும் சிவநாதன். சேற்றிலும் மணலிலும் புதையாமல் ஓடட்டும் என்று அகல டயர் போட்டிருந்தார். டயர் நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மூடுகிற மாதிரி, நாலு சக்கரத்துக்கு மேலேயும் பழைய டயரை வெட்டி, வலை நரம்பால் தைத்து, போல்ட் வைத்து முடுக்கியிருந்தது. பார்க்க, வண்டிக்குக் கறுப்பாய் றெக்கை முளைத்த மாதிரி இருக்கும்.

சாவியைக் கொடுக்கும்போது சிவநாதன் ஒன்றுதான் சொன்னார்: “வண்டியை என்ன வேணா பண்ணிக்குங்க பாய். றெக்கையில மட்டும் கை வைக்காதீங்க.”

மறுநாள் காலையில் நசீம் நெரவிக்குப் போனான். சிவநாதன் களத்தில் நின்றிருந்தார். அவன் இறங்கி வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

“தட்டுதா?”

நசீம் ஓரடி பின்வாங்கினான்.

“தெரிஞ்சேதான் பேய் வண்டியை என் தலையில கட்டினீங்களா?”

“பேயெல்லாம் இல்ல பாய். கல்லு.”

“கல்லா?”

“டயரு வெளிய நீட்டிக்கிட்டு ஓடுதுல்ல? கெடக்குற கல்லையெல்லாம் வாரி அடிக்கும். அதை றெக்கை தடுக்குது. அந்தச் சத்தந்தான் உங்களுக்குக் கேக்குது. ஒவ்வொரு தட்டும், பின்னால வர்ற யாரு மூஞ்சியிலயோ பட்டிருக்க வேண்டியது.”

நசீமுக்கு மூச்சு வந்தது. “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! இதுக்கா வண்டியை வித்தீங்க?”

சிவநாதன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“முன்னாடி றெக்கை இல்ல பாய். சத்தமும் இல்ல. ரெண்டு வருஷம் முந்தி, கோட்டுச்சேரிமேடு பாதையில போறேன். பின்னால ஒரு அலறல். ஒரு பொண்ணு, மதிவதனின்னு பேரு, மொபட்டோட விழுந்து கெடக்குது. ரோடெல்லாம் மீன் சிதறிக் கெடக்கு. என் டயரு தூக்கி அடிச்ச கல்லு கண்ணுலயே பட்டுடுச்சு. நான்தான் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.”

“அப்புறம்?”

“அங்க போலீஸ் வந்து எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. மணல் லாரின்னு சொல்லிட்டேன்.”

நசீம் திரும்பி ஜீப்பின் டயரைப் பார்த்தான்.

“கண்ணு போச்சு. ஆனா அந்தப் பொண்ணு என்னைத் தெய்வமா நெனச்சிடுச்சு பாய். ஒரு மாசம் கழிச்சு, படகு இடிபடாம இருக்கக் கட்டுவாங்களே, அந்தப் பழைய டயரைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. ‘அண்ணே, ஒங்க டயரும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்க வேணாம்’னு சொல்லி, அதுவே வெட்டி, தச்சு, மாட்டிவிட்டுச்சு. அன்னையிலேருந்து தட்டுது. எனக்கு அது கல்லாக் கேக்கல. ‘சொல்லு, சொல்லு’ன்னு கேக்குது. தாங்க முடியாமத்தான் வித்தேன்.”

“சீ! ஒரு அப்பாவிப் பொண்ணை இப்படியா ஏமாத்துவீங்க? நீங்க சொல்லலைன்னா நான் போயிச் சொல்றேன்.”

சிவநாதன் தடுக்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

கோட்டுச்சேரிமேட்டில், படகு நிழலில் உட்கார்ந்து மதிவதனி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். இடது இமை ஒட்டிக் கிடந்தது. ஜீப் வந்து நின்றதும் எழுந்து வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. குனிந்து, பின் சக்கரத்து றெக்கையின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினாள். ரப்பர் முழுக்கக் குழி குழியாய் இருந்தது. ஒவ்வொரு குழியிலும் அவள் விரல் நின்று நின்று நகர்ந்தது.

“நெறைய அடி வாங்கியிருக்கு. தையல் விடல. வண்டி இப்ப ஒங்ககிட்டயா பாய்?”

“ஆமா. தங்கச்சி, ஒங்கிட்ட ஒரு உண்மை சொல்லணும். அன்னைக்கு ஒன்னை அடிச்சது லாரி இல்ல...”

“வேணாம் பாய்.” கையை வெளியே எடுத்தாள். “லாரின்னு அவரு சொன்னப்ப, போலீஸ்காரங்ககிட்ட ஆமான்னு சொன்னவளே நான்தான்.”

“நீயா? ஏம்மா?”

“போட்டுட்டு ஓடாம, அழுதுக்கிட்டே என்னைத் தூக்கிட்டுப் போனாரு. அவரைப் புடிச்சுக் குடுத்தா போன கண்ணு வந்துடுமா? வண்டிக்கு றெக்கை வரணும், அவ்வளவுதான்.”

“அப்ப ஒனக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமா?”

மதிவதனி ஒட்டிக் கிடந்த இமையை விரலால் தொட்டுக்கொண்டாள்.

“இந்தக் கண்ணு கடைசியாப் பாத்ததே அவரு வண்டி நம்பரைத்தான் பாய்.”