நானூற்றுப் பதின்மூன்றாவது சொல்

பிறவியிலேயே காது கேளாத தாரணிக்கு நான்கு வயது. அவள் காதில் பொருத்தியிருக்கும் கருவி, அவள் பேசக் கற்கும் ஒவ்வொரு சொல்லையும் யார் கற்றுக்கொடுத்தார் என்பதோடு அம்மா செண்பகவல்லியின் போனில் எழுதிவிடும். இரண்டு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். அத்தனையும் எதிரே உட்காரவைத்து, தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்தவை.

"பக்கத்துல பேசுறதுல ஒத்த வார்த்தைய அவளாப் பிடிச்சுச் சொல்லட்டும், அப்புறம் மடை திறந்த மாதிரிதான்" என்பார் பயிற்சி டீச்சர். அந்த ஒற்றை வார்த்தைக்குத்தான் வீடே காத்துக்கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கோமதி வந்து, புதுப் பட்டுச்சேலையை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தரையில் விளையாடிக்கொண்டிருந்த தாரணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை அலட்டல்!"

கோமதியின் முகம் சிவந்துவிட்டது. "யாருட்டி சொல்லித்தந்தா இத?"

செண்பகவல்லி போனைப் பார்த்தாள். "யாருமே சொல்லித்தரல மதினி! தானாக் கேட்டதுன்னு போட்டிருக்கு, பாருங்க!" என்று கத்தியபடி போனை அவள் கையில் திணித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள்.

கோமதி மீதியையும் படித்தாள். 'கேட்ட இடம்: அடுக்களை. குரல்: அம்மா.'

சேலையைச் சுருட்டிக்கொண்டு விருட்டென்று வாசல்வரை போனவள், நின்றாள். திரும்பி வந்து குழந்தையின் மோவாயைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்கம்மைய அப்புறமாப் பாத்துக்கிடுதேன். நீ இன்னொரு தடவ சொல்லுட்டி, என் தங்கம்!"