வளைவில் கேட்கும் சத்தம்

டயகமப் பனிமூட்டத்தில் மத்தியான வெயில் நனைந்த துணிபோல தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் கிடக்கிறது. தோட்டத்துத் தபால்காரர் வேலாயுதம் சைக்கிளின் பின்சக்கரக் குடத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறார். கறுத்த கிரீசுக்குள் தோலுரிந்த இரும்புக் குண்டுகள் மினுங்குகின்றன. அவற்றைத் தாங்கித் தேய்ந்த ‘கோன்’ என்ற கூம்பு வளையத்தை மனைவி ஜெயந்தினி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். சுற்றிலும் அம்மைத் தழும்புபோலக் குழிகள். “இத மாத்துனா சக்கரத்துல வர்ற அந்தக் கரகரப்பு போயிருமாங்க?” “போயிரும். மாத்தாம இறக்கத்துல அச்சு ஒடிஞ்சா நான் பள்ளத்துல கெடப்பேன் புள்ள.” “நீங்க வர்ற அந்தச் சத்தம் வளைவுல கேட்டாத்தான் நான் தேத்தண்ணிக் கேத்தல அடுப்புல வைப்பேன்” என்கிறாள் மெதுவாக. அவர் புதுக் கோனைப் பூட்டிச் சக்கரத்தைச் சுழற்றுகிறார். கம்பிகள் கலந்து ஒரே வெள்ளி வட்டமாகின்றன. சத்தமே இல்லை. அவர் அவள் பக்கத்தில்தான் நிற்கிறார். அவளோ மூட்டத்துக்குள் வளைவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.