பதினேழாம் நம்பர் மனை

“ஒரு போட்டோதான். பக்கத்துல நின்னாப் போதும்.”

“யாரு பக்கத்துல?”

“எம் பக்கத்துலதான். வெளியாள வச்சு எடுத்தாச் செலவாம். முதலாளி சொல்லிட்டாக.”

சண்முகவேலும் தங்கலட்சுமியும் இப்படிப் பேசி மூன்று வருடம் ஆகிறது. மனை விற்கும் ஆபீசில் அவன் வருகிறவர்களுக்கு இடம் காட்டுபவன். அவள் அதே ஆபீசில் ரசீதும் கடிதமும் எழுதுபவள்.

பாலவனத்தம் ஊருக்கு ரோடு பிரியும் விலக்கில் விளம்பரப் போர்டு எழுந்தது. பச்சைப் புல்வெளியில் கணவன் மனைவியாக அவர்கள் இருவரும், நடுவில் நெட்டிலிருந்து எடுத்த ரோஸ் நிறக் குழந்தை. போர்டுக்குப் பின்னால் கருவேலங்காடு.

குழந்தைக்கு யார் ஜாடை என்று பஸ்ஸில் போகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பக்கத்தில் ஆணும் பெண்ணும் பிளெக்ஸில் சேர்ந்து நின்றால் கல்யாணப் பத்திரிகை அடித்த மாதிரிதான். தங்கலட்சுமியைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் போர்டைப் பார்த்து விலக்கோடு வண்டியைத் திருப்பிவிட்டன.

சண்முகவேல் வருத்தப்பட்டான். கொஞ்சமாக.

போர்டுக்கு ஊராட்சி கொடுத்த அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கடைசி மனையும் விற்ற ஏழாம் நாளுக்குள் போர்டை எடுத்துவிட வேண்டும்.

நாற்பத்திரண்டு மனைகளில் நாற்பத்தொன்று போன வருடமே விற்றுவிட்டன. பதினேழாம் நம்பர் மட்டும் நின்றது. அதைக் கேட்டவர்களிடமெல்லாம் சண்முகவேல் குரலைத் தாழ்த்தினான்.

“தெரு நேரா வந்து முட்டுதுண்ணே. தெருக்குத்து. நீங்க புள்ளகுட்டிக்காரரு, நாஞ் சொல்லணும்ல.”

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். போர்டு நின்றது.

இன்று காலை ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் புகார்க் கடிதத்தோடு வந்தார். சண்முகவேல் வாங்கிப் படித்தான்.

‘பதினேழாம் மனையில் தெருக்குத்து எதுவும் இல்லை. போர்டை எடுக்காமல் இருப்பதற்காகவே அதை விற்காமல் வைத்திருக்கிறார்கள். நேரில் வந்து விசாரிக்கவும்.’

கீழே பெயர் இல்லை. தேவையும் இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு ரசீதிலும் அவன் பார்த்து வந்த கையெழுத்து.

ஆபீசில் எல்லோரும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கலட்சுமி மட்டும் ஒரு நாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் அவனுக்கு உறைத்தது.

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், மேசையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

“பஸ்ஸுல போற ஆளுகெல்லாம் கேக்குறாக. கேக்க வேண்டியவுக மட்டும் தெருக்குத்துன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாக.”

வந்தவர் பேனாவைத் திறந்தார். “மனை வித்துருச்சா, இல்லையா? நான் ஒரு பதில் எழுதணும்.”

“வித்துருச்சுன்னு எழுதிக்கோங்க சார். அந்த மனைய நானே வாங்கிக்கிறேன்” என்றான் சண்முகவேல்.

“அப்போ ஏழு நாள்ல போர்டை எடுத்துரணும்.”

“எடுத்துருவோம்.”

சண்முகவேல் அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

“பக்கத்துல நிக்கிறியா, தங்கலட்சுமி? போட்டோவுக்கு இல்ல.”