மிதிக்கிற கால்

“எந்தக் காலால மிதிப்பீங்க சார்?” என்று கேட்டார் கடைக்காரர்.

மாமனார் திருதிருவென்று விழித்தார்.

வேலைக்கான காலணிகள் மட்டுமே விற்கிற அந்தச் சின்னக் கடையில் அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும், அளவு பார்க்க அதுதான் சரியான நேரம் என்று கடைக்காரர் சொன்னபோது தலையாட்டினார். விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும், நடக்கும்போது குதிகால் மட்டும் உள்ளே எழும்பவே கூடாது என்றபோது, தமக்கும் தெரிந்த சங்கதிபோல “அதானே” என்றார்.

நாளைக் காலை தோட்டச் சங்கத்தார் வருகிறார்கள். குடியிருப்பிலேயே சிறந்த தோட்டம் என்று அவருக்குப் பரிசு. படம் வேறு எடுப்பார்கள். ரப்பர் செருப்போடு போய் நிற்க முடியுமா?

கடைக்காரர் பூட்ஸைக் கவிழ்த்து, நடுவில் வளைக்கப் பார்த்தார். வளையவில்லை. உள்ளே மெல்லிய இரும்புப் பட்டை. மண்வாரியைக் காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்கும்போது, அதன் விளிம்பு உள்ளங்காலில் ஒரே கோடாக அழுத்தும். பட்டை அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். அது இல்லாமல் தினமும் மிதித்தால் ஒரு நாள் நடக்கவே வலிக்கும்.

“யாருக்குமே ரெண்டு காலும் ஒரே அளவா இருக்காது சார். மிதிக்கிற காலுக்குக் கச்சிதமா இருக்கணும். அதான் கேட்டேன்.”

வலதா, இடதா?

தினமும் காலையில் காபியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து தோட்டத்தில் பார்க்கிற காட்சியை மனதுக்குள் ஓட்டிப்பார்த்தார். குனிந்த முதுகு தெரிந்தது. முடியை அள்ளிச் செருகிய கை தெரிந்தது. காலை அவர் கவனித்ததே இல்லை.

“இடது கால்” என்றாள், பின்னால் நின்றிருந்த மருமகள். “மாமா இடது காலாலதான் மிதிப்பாங்க.”

மாமனாருக்குக் காது மடல் சுட்டது.

தோட்டம் தம்முடைய கைவேலை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வேலியோரம் நின்று புகழ்ந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு பரிசுவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

மருமகளின் கால்களைப் பார்த்தார். தேய்ந்த சாதாரணச் செருப்பு. இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் நின்றிருந்தாள்.

“இதே பூட்ஸ் சின்ன அளவுல இருக்கா? மருமகளுக்கு.”

கடைக்காரர் முகம் மலர்ந்தது. “அட, இவங்களும் தோட்டத்துல இறங்குவாங்களா?”

இப்போது சொல்லிவிட்டால் போதும். கேட்பதும் யாரோ ஒரு கடைக்காரர்தான். மாமனார் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

“கூடமாட ஒத்தாசை பண்ணுவா” என்றார்.

மருமகள் குனிந்து, அவர் போட்டுப்பார்த்த பூட்ஸின் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

“எல்லாம் மாமா சொல்லிக்குடுத்ததுதாங்க.”

அந்தக் குரலில் கொஞ்சமாவது கேலி இருக்கிறதா என்று மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

இல்லை.